1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1: போட்டோ எட்ச் தகட்டில் எவற்றைப் பொருத்துவது, எவற்றை விட்டுவிடுவது?

அடையாறுவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏழெட்டு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் விமான மாடல்களைக் கட்டிவருகிறேன். ஆனால் கிட் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களைத் தாண்டி வேறு எதையும் இதுவரை சேர்த்ததில்லை. இப்போது 1/48 அளவில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1 ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். இதை பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் விமானமாக முடிக்க விரும்புகிறேன். அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மதராஸ் மாகாணம்' என்பது சேர்ந்திருப்பதையும், 1940 ஆகஸ்டில் அது இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர்களில் பறந்து போரிட்டதையும் அறிந்த நாளிலிருந்து, இந்த ஒரு மாடலையாவது அவசரப்படாமல் முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று எண்ணிவந்தேன்.

அதற்காகவே போட்டோ எட்ச் தொகுப்பு, அதாவது மெல்லிய உலோகத் தகட்டில் அரித்து உருவாக்கிய நுண்பாகங்களின் தொகுப்பு ஒன்றையும் வாங்கினேன். அதில் இரண்டு தகடுகள் இருக்கின்றன. ஒன்றில் வண்ணம் அச்சிடப்பட்ட கருவிப் பலகை, இருக்கைப் பட்டைகள், காக்பிட்டின் பக்கச்சுவரில் ஒட்ட வேண்டிய சிறு பெட்டிகள், எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் நெம்புகோல்கள் ஆகியவை உள்ளன. மற்றது வண்ணமற்ற வெறும் பித்தளை. அதில் ரேடியேட்டர் வலை, கால் மிதிகள், இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்களான ஃபிளாப்புகள், கட்டுப்பாட்டுத் தடியின் கைப்பிடி வளையம் முதலியவை இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் வருகின்றன. அவற்றில் சில கடுகில் பாதிகூட இல்லை.

வெட்டும் பாயின் மேல் வைத்து ஒரு மிதியை வெட்ட முயன்றபோது, கத்தி இறங்கிய இடத்தில் தகடு வளைந்துவிட்டது. நிமிர்த்தியபின்னும் அந்த வளைவின் தடம் தெரிகிறது. பிளாஸ்டிக்கை ஒட்டும் சிமெண்ட் இதில் பிடிக்கவே இல்லை. எனவே மேற்கொண்டு கைவைக்காமல் நிறுத்திவிட்டேன். வளையாமல் வெட்டுவதும் கூர்மையாக மடிப்பதும் எப்படி, எந்தப் பசையைப் பயன்படுத்துவது, இந்த எழுபது பாகங்களையும் பொருத்தத்தான் வேண்டுமா என்பவையே என் ஐயங்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை

நண்பருக்கு வணக்கம். என் தந்தையார் மதுரையில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். தகட்டை எப்படித் தொட வேண்டும் என்பதை அவரிடம் பார்த்துக் கற்றதுதான், பின்னாளில் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கைகொடுத்தது. எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தத் தகடு உருவாகும் விதத்தை அறிந்துகொண்டால் ஐயங்களில் பாதி தாமாகத் தீர்ந்துவிடும். மெல்லிய பித்தளைத் தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளி பட்டால் இறுகும் பூச்சு ஒன்றைத் தடவி, பாகங்களின் வரைபடம் உள்ள ஃபிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். ஒளி படாத இடத்திலுள்ள பூச்சைக் கழுவிவிட்டால் உலோகம் வெளியே தெரியும். அந்த இடத்தை மட்டும் ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசல் அரித்துத் தின்னும். இரு பக்கமும் திறந்திருந்த இடம் முழுவதும் அரிபட்டுத் துளையாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்த இடம் பாதி ஆழத்துக்குப் பள்ளமாகும். உங்கள் தகட்டிலுள்ள மடிப்புக் கோடுகள் எல்லாம் இப்படிப் பாதி அரிபட்ட பள்ளங்களே. எனவே பள்ளம் மடிப்பின் உட்புறம் அமையுமாறு மடிப்பதுதான் பொது விதி. வெளிப்புறம் வருமாறு மடித்தால் அந்தக் கோட்டில் உலோகம் இழுபட்டுப் பிளக்கும். விதிவிலக்காகச் சில பாகங்களை மறுபக்கம் மடிக்கச் சொல்லியிருப்பார்கள். அதை வழிகாட்டித் தாளில் குறியிட்டிருப்பார்கள். ஒருமுறை மடித்ததை நிமிர்த்தி மீண்டும் மடித்தால், பெரும்பாலும் இரண்டாவது முறையிலேயே ஒடிந்துவிடும். ஆதலால் மடிப்பதற்கு முன் எந்தப் பக்கம் என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மிதி வளைந்ததற்குக் காரணம் உங்கள் கை அன்று, பாய்தான். வெட்டும் பாய் மென்மையானது. கத்தி அழுத்தும்போது பாய் அமிழ்வதால் தகடும் அதனோடு சேர்ந்து கீழே வளைகிறது. வீட்டில் மிஞ்சிய வழவழப்பான தரை ஓடு ஒன்றோ, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றோ போதும். அதன்மேல் தகட்டைப் படுக்கவைத்து, வளைந்த விளிம்புள்ள கத்தியைப் பாகத்துக்கு மிக நெருக்கமாக வைத்து, இழுக்காமல் நேராகக் கீழ்நோக்கி உருட்டி அழுத்துங்கள். கத்தி முனை விரைவில் மழுங்கும் என்பதால் தகட்டுக்கென்று தனியாக ஒரு கத்தியை ஒதுக்கிவிடுவது நல்லது. சிறிய பாகங்களை வெட்டும்போது தகட்டின் அடியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டால், விடுபட்ட பாகம் தெறித்து ஓடாமல் டேப்பிலேயே நிற்கும். பாகத்தில் எஞ்சிய காம்பை நுண்ணிய வைர அரத்தால் ஒரே திசையில், விளிம்பின் நீளவாட்டில் தேய்க்க வேண்டும். குறுக்கே முன்னும் பின்னும் தேய்த்தால் அரம் பாகத்தைக் கவ்விச் சுருட்டிவிடும்.

அரம், சாமணம், தட்டைக் குறடு ஆகியவற்றைப் பொற்கொல்லர்களுக்குப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் வாங்குங்கள். மதுரையில் தெற்காவணி மூல வீதியைச் சுற்றி நான் வாங்கிய சாமணம் ஒன்று பதினைந்து ஆண்டுகளாகியும் முனை விலகாமல் இருக்கிறது. சாமணத்தை அழுத்திப் பிடிப்பது ஒரு கெட்ட பழக்கம். அழுத்த அழுத்தத்தான் பாகம் தெறிக்கிறது. மிகச் சிறிய பாகங்களைச் சாமணத்தால் எடுக்காமல், பல்குத்தும் குச்சியின் முனையில் சிறிது மெழுகைத் தேய்த்து, அதில் ஒட்டவைத்து எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மடிப்பு. இதற்கென்று விற்கப்படும் கருவி நல்லதுதான், ஆனால் கட்டாயமன்று. இரண்டு எஃகு அடிக்கோல்கள் போதும். மடிப்புக் கோட்டின்மேல் ஒன்றின் விளிம்பு சரியாகப் படியுமாறு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றை வெளியே நீட்டியிருக்கும் பகுதியின் அடியில் முழு நீளத்துக்கும் நுழைத்து மேலே தூக்க வேண்டும். முழு நீளமும் ஒரே நேரத்தில் எழவேண்டும் என்பதுதான் இதிலுள்ள நுட்பம்.

நேர்க்கோட்டில் மடிப்பதற்கு இது போதும். துணிபோல் தழைந்து விழவேண்டிய பாகங்களுக்குச் சூடு காட்ட வேண்டும். உருட்டித் தட்டிய பித்தளைக்கு ஒரு விறைப்பு உண்டு. மெழுகுவர்த்திச் சுடரிலோ சாராய விளக்கிலோ ஓரிரு விநாடிகள் காட்டி, நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துத் தானாக ஆறவிட்டால் அந்த விறைப்பு போய்விடும். பட்டறையில் தகட்டை இளக்குவதும் இப்படித்தான். கேஸ் டார்ச்சின் நீலச் சுடரில் நேரடியாகக் காட்டாதீர்கள், 0.1 மில்லிமீட்டர்த் தகடு கண் இமைக்கும் நேரத்தில் உருகிச் சொட்டும். கூர்மையாக மடிக்கவேண்டிய பெட்டிகளை இளக்கக் கூடாது, அவற்றுக்கு விறைப்புத்தான் தேவை. வண்ணம் அச்சிட்ட பட்டைகளைச் சுடரில் காட்டினால் வண்ணம் கருகிவிடும் என்பதால், அவற்றைத் தூரிகைக் காம்பின்மேல் வைத்து விரலால் மெதுவாக நீவி நீவித்தான் வளைக்க வேண்டும்.

கடைசியாக, வெறும் பித்தளைப் பாகங்களைத் தகட்டில் இருக்கும்போதே ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்த பித்தளையில் வண்ணம் நிற்காது. பிறகு மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது தோலாகக் கழன்று வரும்.

சிராங்கூன்

வைகைக்கரை அவர்கள் கைவேலையை முழுமையாக விளக்கிவிட்டார். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என் பார்வையில் முதலில் கேட்கவேண்டியது. அதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

எழுபது பாகங்களையும் பொருத்த வேண்டியதில்லை. பொருத்தினால் மாடல் மேம்படும் என்ற உறுதியும் இல்லை. போட்டோ எட்ச் பாகத்துக்கு உள்ள ஒரே சிறப்பு அதன் மெல்லிய தன்மை. 0.1 மில்லிமீட்டர்த் தகடு 1/48 அளவில் உண்மையான விமானத்தின் ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்குச் சமம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விளிம்பு அதே கணக்கில் 24 மில்லிமீட்டர் ஆகிவிடும்; எந்தப் போர் விமானத்திலும் இருக்கையின் விளிம்பு ஓர் அங்குலத் தடிமனில் இருந்ததில்லை. ஆகவே, உண்மையான விமானத்தில் எது தகடாகவோ வலையாகவோ பட்டையாகவோ இருந்ததோ, அந்த இடத்தில் இந்தத் தகடு பிளாஸ்டிக்கைவிடப் பன்மடங்கு உண்மையாக இருக்கும். எது உருண்டையாகவோ குழாயாகவோ இருந்ததோ, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கே மேல். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்கள் தகட்டைப் பார்ப்போம்.

கட்டுப்பாட்டுத் தடியின் உச்சியிலுள்ள கைப்பிடி வளையம் ஸ்பிட்ஃபயரின் அடையாளங்களில் ஒன்று. விமானியின் கை பற்றுவதற்கேற்ப அது உருண்டையாக இருக்கும். தகட்டிலுள்ள வளையமோ காகிதத்தில் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கும். கிட்டில் வந்த வளையத்தையே அச்சுக்கோடு நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் நெம்புகோல்கள் அப்படியல்ல. அவை மெல்லிய தண்டுகள். தகட்டு நெம்புகோல்களைப் பொருத்தி, ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளைப் பசையில் ஒரு சிறு துளியை வைத்து உலரவிட்டால் குமிழும் உருண்டையாக வந்துவிடும்.

இருக்கைப் பட்டைகளைக் கட்டாயம் பொருத்துங்கள். இந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் இருந்தது சட்டன் வகைப் பட்டை. அதில் வரிசையாக வளையமிட்ட துளைகள் இருக்கும். நான்கு பட்டைகளின் துளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் ஊசியில் மாட்டி விமானி தன்னைப் பிணைத்துக்கொள்வார். அந்தத் துளைகளைப் பிளாஸ்டிக் வார்ப்பால் காட்டவே முடியாது. அரித்த தகட்டில் அவை இயல்பாக வருகின்றன. காக்பிட்டின் கண்ணாடி மூடியைத் திறந்துவைத்த ஸ்பிட்ஃபயர் மாடலில் பார்ப்பவரின் கண் முதலில் போகும் இடமும் இதுதான். தோள்பட்டைகள் இருக்கையின் முதுகோடு முடிந்துவிடுவதில்லை. அவை இருக்கைக்குப் பின்னாலுள்ள சட்டத்தைத் தாண்டி உடற்பகுதியின் உள்ளே செல்பவை. பலர் இருக்கையின் மேல்விளிம்பிலேயே ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் பின்னால் கொண்டுபோய் முடியுங்கள். இடுப்புப் பட்டைகள் ஒரே சீராக இருக்க வேண்டியதில்லை. ஒன்று இருக்கையின் மேலும் மற்றொன்று விளிம்பைத் தாண்டி வெளியேயும் தொங்கினால்தான் விமானி இறங்கிப்போன இருக்கைபோல் தோன்றும்.

வண்ணம் அச்சிட்ட கருவிப் பலகையும் பயன்படுத்தத் தக்கதே. இவ்வகைத் தகடுகளைப் பரவலாக்கியதில் செக் நாட்டின் எட்வார்ட் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று வேறு பலரும் செய்கிறார்கள். பின்தகட்டில் முள்களும் எண்களும் அச்சாகியிருக்கும், முன்தகட்டில் வட்டத் துளைகள் இருக்கும். இரண்டையும் ஒட்டியபின் ஒவ்வொரு துளையிலும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி இட்டால் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். ஸ்பிட்ஃபயரில் மேகத்துக்குள் பறப்பதற்கான ஆறு கருவிகள் கொண்ட நடுப்பலகை, அதிர்வு தாங்கும் ரப்பர்களின்மேல் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தது. எனவே அந்த நடுப்பகுதி மட்டும் சுற்றியுள்ள பலகையிலிருந்து விலகித் தனித்துத் தெரிய வேண்டும். உங்கள் தொகுப்பு அதைத் தனித் தகடாகத் தந்திருந்தால் ஒரே மட்டமாக அமுக்கிவிடாதீர்கள். தகட்டின் வெட்டு விளிம்பில் மஞ்சளாகப் பித்தளை தெரியும்; அதற்குக் கருப்பு வண்ணத்தைத் தொட்டுவைக்க மறக்க வேண்டாம்.

ரேடியேட்டர் வலையையும் தயங்காமல் பொருத்தலாம். மார்க் 1-இல் வலது இறக்கையின் அடியில் மட்டுமே பெரிய ரேடியேட்டர் இருக்கும். இடது இறக்கையின் அடியில் இருப்பது குறுகலான எண்ணெய்க் குளிர்விப்பான். இரண்டுக்கும் வலையின் அளவு வேறு என்பதால் வெட்டும்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபிளாப்புகள். தொகுப்பின் விலையில் கணிசமான பங்கு அவற்றுக்குத்தான் போயிருக்கும், அவற்றைச் செய்துமுடிக்க இரண்டு வார மாலைகளும் ஆகும். ஆயினும் அவற்றை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புகள் காற்றழுத்தத்தால் இயங்குபவை. அவற்றுக்கு முழுவதும் மேலே அல்லது முழுவதும் கீழே என்ற இரண்டு நிலைகள்தாம் உண்டு. தரையிறங்கியதும், ஓடுபாதையிலிருந்து நகர்த்திச் செல்வதற்கு முன்பே, விமானிகள் அவற்றை மேலே ஏற்றிவிடுவார்கள். ஃபிளாப்புகள் ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருப்பதால், இறக்கியபடியே ஓட்டினால் காற்றோட்டம் தடைபடும். தரையில் எளிதில் சூடேறிவிடும் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்கு அது ஆகாது. ஆகவே தளத்தில் நிறுத்திவைத்த ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப்புகள் தொங்கிக்கொண்டிருப்பது, பராமரிப்பு வேளை தவிர, அரிய காட்சி. அப்படியும் இறக்கித்தான் காட்டுவேன் என்றால் இன்னொரு வேலையும் சேரும். ஃபிளாப்புகள் இறங்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் சிறு கதவு ஒன்று எழுந்து நின்று விமானிக்கு அதை உணர்த்தும். கீழே ஃபிளாப்பைத் தொங்கவிட்டு, மேலே அந்தக் கதவை மூடியே வைத்திருக்கும் மாடல்களைக் கண்காட்சிகளில் அடிக்கடிப் பார்க்கிறேன். உழைப்பெல்லாம் செலவழித்தும் விமானம் உண்மையிலிருந்து விலகிப்போவது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

கால் மிதிகள் எப்படியும் கருவிப் பலகைக்குக் கீழே இருட்டில் போய்விடும். நீங்கள் வளைத்துவிட்ட மிதிக்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடையாறுவாசி

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. தரை ஓட்டின்மேல் வெட்டிப் பார்த்தேன். ஒரு பாகமும் வளையவில்லை. ஃபிளாப்புத் தகட்டை உறையிலிட்டு எடுத்துவைத்துவிட்டேன். பட்டைகளும் த்ராட்டிலும் நன்றாகவே வந்திருக்கின்றன.

ஆனால் இரண்டு புதிய இடர்கள் முளைத்திருக்கின்றன. முதலாவது, பக்கச்சுவர்ப் பெட்டிகளையும் கருவிப் பலகையையும் பொருத்தியபின் உடற்பகுதியின் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் அவை மூடவில்லை. காக்பிட்டின் இடத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது. இழுத்துக் கட்டி ஒட்டிவிடலாமா, அல்லது சேரும் விளிம்பைத் தேய்க்க வேண்டுமா? இரண்டாவது, சூப்பர் க்ளூ இட்ட இடத்தைச் சுற்றிக் கருப்புப் பலகையில் வெண்சாம்பல் பூத்ததுபோல் படிந்திருக்கிறது. இரண்டு பெட்டிகள், தொட்டவுடனே வண்ணத்தோடு பெயர்ந்தும் வந்துவிட்டன. இங்கே நான்கு நாட்களாக மழை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலிமுகம்

மழை என்று நீங்கள் எழுதியதிலேயே இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. கொழும்பிலும் ஆண்டின் பாதி நாட்கள் எங்களுக்கு இதே சிக்கல்தான்.

சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். அது உலர்வதில்லை, காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி, ஈரக் காற்றில் பக்கத்திலேயே படிந்து வெண்படலமாகிறது. பசை எவ்வளவு அதிகமோ, இடம் எவ்வளவு அடைபட்டதோ, அவ்வளவுக்குப் படலமும் அதிகம். எனவே புட்டியின் மூக்கிலிருந்து நேரடியாக இடாமல், ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டு, நுண்கம்பியின் முனையால் தொட்டு வையுங்கள். கைவசம் உள்ளது நீர்போல் ஓடும் வகை என்றால், பாகத்தை முதலில் இடத்தில் உட்காரவைத்து, விளிம்பில் தொட்டால் அது தானாகவே உள்ளே ஊர்ந்துவிடும். இடத்தைச் சற்றுச் சரிசெய்யவேண்டிய பாகங்களுக்குக் கூழ்போன்ற வகையே ஏற்றது. அது இறுகச் சில விநாடிகள் கூடுதலாகத் தரும். வண்ணம் அச்சிட்ட கருவிப் பலகையின் இரு தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட நான் சயனோஅக்ரிலேட்டைப் பயன்படுத்துவதே இல்லை. பளபளப்பு வார்னிஷே அதற்குப் போதுமான பசை. அதில் படலமும் பூக்காது.

இப்போது பூத்திருக்கும் படலத்தைச் சுரண்ட வேண்டாம். அதன்மேல் வார்னிஷை ஒரு பூச்சு மெலிதாக இட்டால் வெண்மை மறைந்துவிடும். பிறகு மங்கல் பூச்சு அடித்துக்கொள்ளலாம். அசிட்டோன் இந்தப் பசையைக் கரைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அது கிட்டின் பாலிஸ்டைரீனையும் சேர்த்தே கரைத்துவிடும். பிரித்தெடுத்த உலோகப் பாகத்தைத் தனியாகச் சுத்தம் செய்ய மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பெட்டிகள் வண்ணத்தோடு பெயர்ந்ததற்குக் காரணம், நீங்கள் அவற்றை வண்ணத்தின்மேல் ஒட்டியதுதான். பசை வண்ணத்தைப் பிடித்தது; வண்ணம் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவில்லை. பாகம் உட்காரும் இடத்தில் மட்டும் வண்ணத்தைக் கத்திமுனையால் சுரண்டிவிட்டு ஒட்டினால் நிற்கும்.

ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடற்பகுதியை மூடியதும் காக்பிட்டின் கண்ணாடி மூடியை உடனே பொருத்திவிடாதீர்கள். உள்ளே எஞ்சிய ஆவி வெளியேற வழியின்றிக் கண்ணாடியின் உட்புறத்தில் போய்ப் படியும். அதை அப்புறம் துடைக்கக் கை போகாது. குறைந்தது ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துவிட்டு, மூடியை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். திறந்த புட்டியை இறுக மூடி, ஈரம் புகாத டப்பாவுக்குள் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் நெடுநாள் கெடாது. ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த மூக்கில் நீர் கோத்து உள்ளே இறங்கிவிடும்.

வைகைக்கரை

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். இழுத்துக் கட்டவும் வேண்டாம், சேரும் விளிம்பைத் தேய்க்கவும் வேண்டாம். இழுத்துக் கட்டினால் இன்றைக்கு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில், பெரும்பாலும் வண்ணமெல்லாம் அடித்து முடித்த பிறகு, அந்த இணைப்பு விரியும். விளிம்பைத் தேய்த்தால் உடற்பகுதியின் வட்டம் குலைந்து, கண்ணாடி மூடியும் இறக்கையின் அடிப்பகுதியும் பொருந்தாமல் போகும்.

எவ்வளவு உலோகத்தைச் சேர்க்கிறோமோ அவ்வளவு பிளாஸ்டிக்கை நீக்க வேண்டும் என்பதை நான் முதல் மறுமொழியிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போனது என் பிழை. பக்கச்சுவரில் வார்ப்பாகவே வந்த பெட்டிகளையும் குழாய்களையும் சீவி மட்டமாக்காமல் அவற்றின்மேலேயே தகட்டை ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கருவிப் பலகையும் அவ்வாறே. இரண்டு தகடுகளும் இடையிலுள்ள பசையும் சேர்ந்து கால் மில்லிமீட்டரைத் தொடும். கிட்டின் பலகையில் கருவிகள் புடைத்து நிற்க, அதன்மேல் இவற்றை வைத்தால் பலகை முன்னுக்குத் தள்ளி, குறுகலான இடத்தில் போய் இரு சுவர்களையும் முட்டும்.

பலகையைக் கழற்றி, பிளாஸ்டிக் பலகையின் முகத்தை மணல்தாளில் வட்டமாகத் தேய்த்துத் தகடுகளின் தடிமன் அளவுக்கு மெலிதாக்குங்கள். அதன் இரு ஓரங்களையும் பின்பக்கமாகச் சாய்வாக அரத்தால் இழைத்துவிடுங்கள். முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பக்கச்சுவர்ப் பெட்டிகளைப் பொறுத்தவரை, இருக்கைச் சட்டம் வந்து உட்காரும் இடத்தில் ஏதேனும் முட்டுகிறதா என்று பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று கண்ணுக்குப் புலப்படாவிட்டால், ஐயமுள்ள இடங்களில் உதட்டுச் சாயத்தையோ மென்மையான பென்சில் கரியையோ மெலிதாகத் தடவி, இரு பாதிகளையும் மூடித் திறந்து பாருங்கள். முட்டும் இடத்தில் தடம் பதியும். பட்டறையில் கல் உட்காரும் கூட்டைச் சரிபார்க்க என் தந்தையார் விளக்குக் கரியை இவ்வாறு பயன்படுத்துவார். சீவுவது, மூடிப் பார்ப்பது, மீண்டும் சீவுவது என்று பத்துமுறை ஆனாலும் பசையின்றியே மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு விரலின் மெல்லிய அழுத்தத்தில் இடைவெளி மறைந்தால்தான் ஒட்டலாம்.

சிராங்கூன்

ஒரு சிறு சேர்க்கை. வலது பக்கச்சுவரின் பின்பகுதியில் ஒட்டச் சொல்லியிருக்கும் பெட்டிகள் இருக்கை வந்தபின் கண்ணில் படுமா என்பதையும் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் காக்பிட் மிகக் குறுகலானது. உங்கள் மாடலின் மொத்த இறக்கை நீளமே 23.4 சென்டிமீட்டர்தான். இடது பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, மேலேயிருந்து ஒரு சிறு விளக்கை அடித்துப் பார்த்து, தெரியாத பாகங்களை விட்டுவிட்டால் இடமும் மிஞ்சும்.

அடையாறுவாசி

விளக்கு அடித்துப் பார்த்ததில் நான்கு பெட்டிகள் இருக்கைக்குப் பின்னால் முற்றிலும் மறைவது தெரிந்தது, அவற்றை எடுத்துவிட்டேன். பென்சில் கரித் தடம் இரண்டு இடங்களில் விழுந்தது. ஒன்று நான் எதிர்பார்த்த கருவிப் பலகையின் வலது மூலை; மற்றொன்று நான் எண்ணிப்பார்க்காத த்ராட்டில் பெட்டியின் மடிப்பு, அது முழுச் செங்கோணமாக மடியாமல் சற்று விரிந்து நின்றிருந்தது. மடிப்பைச் சரிசெய்து, பலகையின் ஓரங்களைப் பின்பக்கமாக இழைத்து, ஏழாவது முறை மூடியபோது உடற்பகுதி விரல் அழுத்தத்திலேயே சேர்ந்துவிட்டது. பலகையின் வெண்படலம் ஒரு பூச்சு வார்னிஷில் மறைந்தது. தோள்பட்டைகளைச் சட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முடித்திருக்கிறேன்.

எழுபதில் முப்பத்தொரு பாகங்கள் மாடலில் இருக்கின்றன. இன்று காலை உடற்பகுதியை ஒட்டினேன். மூடியைப் பொருத்தாமல் நாளை மாலை வரை திறந்து வைத்திருக்கிறேன். அதற்குள் ரேடியேட்டர் வலைக்குக் கருப்பு அடித்துவிடுவேன். இறக்கை சேர்ந்ததும் கீழ்ப்புறத்துக்கு 'ஸ்கை' எனப்படும் வெளிர்பச்சை வண்ணமும், மேலே பழுப்பும் பச்சையும், அதன்மேல் ஏ.இசட். என்ற ஸ்குவாட்ரன் எழுத்துகளும் வரும். படங்களை இதே இழையில் இடுகிறேன்.